போட்டுக்கொடுத்தவன் யார்

மார்ச் 11, செவ்வாய்

நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். டெனிஸ் சொல்கிறாள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களை உட்காரவைத்துத் திருத்துகிற ஆலோசகர் அவள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கோர்ட்டுக்குப் போகும் முன்பே இவளிடம் சேர்ந்துவிட்டால் நீதிபதி மனம் குளிர்வார் என்று என் வழக்கறிஞர் சேர்த்துவிட்டார். மனதில் பட்டதை எழுது, நான் படிக்க மாட்டேன், பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன் என்றாள். ஆகவே தமிழில் எழுதுகிறேன். என்னைத் திருத்துகிறவர்களைப் பற்றி அவர்கள் முன்னாலேயே எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

பெயர் சங்கரவேல். வயது நாற்பத்தேழு. சொந்த ஊர் கோவில்பட்டி. வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்து பதினான்கு வருடம். ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்குக் கீழே இருபத்தாறு பேர். இவ்வளவு காலத்தில் ஒரு பார்க்கிங் டிக்கெட்கூட வாங்கியதில்லை. நடந்தது இதுதான்: ஜனவரி 18, சனிக்கிழமை, நண்பன் ஞானப்பிரகாசம் வீட்டில் பொங்கல் விருந்து. இரண்டே பீர். மதியம் நான்கு மணி, நல்ல வெளிச்சம். வீட்டுக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது பின்னால் போலீஸ் விளக்கு. கோட்டின் மேல் ஒன்பது அடி குதிகாலை விரலோடு ஒட்டி நடக்கச் சொன்னான் ஒரு சின்னப் பயல். அந்தக் குளிரில் எவனாலும் நடக்க முடியாது. ஊதச் சொன்னார்கள். இங்கே 0.08 வரைதான் அனுமதி. எனக்கு 0.13 என்று காட்டியது அந்தப் பழைய இயந்திரம்.

இரண்டு பீரும், அதற்கு முன்னால் ஞானம் வற்புறுத்தியதால் கொஞ்சம் விஸ்கியும்.

மார்ச் 13, வியாழன்

கோர்ட். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். வேறு வழியில்லை என்று வழக்கறிஞர் கிரெக் கைகழுவிவிட்டார். ஒரு நாள் சிறை, அபராதம், உரிமம் நிறுத்தம், காரில் ஊதுகிற கருவி. வண்டியில் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்ததால் இன்னொரு நாள் சிறை, கருவிக் காலமும் நீளும். என் மகள் தாரிணி பின்சீட்டில் இருந்தாள். அவளுக்குப் பதினாறு முடிய அன்றைக்கு இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி. பதினோரு நாளுக்காக ஒரு நாள் ஜெயில். இதை நீதி என்கிறார்கள்.

எனக்கு வேறொரு கேள்விதான் உறுத்துகிறது. போலீஸ்காரன் தானாக வரவில்லை. பொதுமக்களில் ஒருவர் கொடுத்த தகவலின்பேரில் நிறுத்தியதாக அவனுடைய அறிக்கையே சொல்கிறது. எவனோ என்னைப் போட்டுக்கொடுத்திருக்கிறான். அந்த அழைப்பின் பதிவைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகுமாம். ஆகட்டும்.

மார்ச் 24, திங்கள்

வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜெயில், எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. அழுக்கு நிறக் காலுறை, காய்ந்த ரொட்டி, பக்கத்துக் கட்டிலில் விடாமல் இருமிக்கொண்டிருந்த ஒருவன். நீ என்ன செய்தாய் என்று கேட்டான். வருமான வரிப் பிரச்சினை என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் 29, சனி

கருவி பொருத்தினால் சிறப்பு உரிமத்தில் ஓட்டலாம் என்று கிரெக் ஜனவரியிலேயே சொன்னார். குழாயை வாயில் வைத்து ஊதிவிட்டு ஆபீஸ் போகிற நிலைமை எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். அதனால் இரண்டு மாதமாக செண்பகவல்லி ஓட்டுகிறாள். என் மனைவி. பதினைந்து வருடமாக உரிமம் வைத்திருக்கிறாள், காய்கறிக் கடை தாண்டி ஓட்டியதில்லை. இப்போது ஃப்ரீவேயில் மணிக்கு ஐம்பத்தைந்து மைலில் வலது ஓரமாகவே போகிறாள். லாரிக்காரர்கள்கூட எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கடக்கிறார்கள். தடம் மாற்று என்றால் காதில் வாங்குவதில்லை. ஒன்று மட்டும் சொன்னாள், நான் ஓட்டும்போது பேசாதீங்க என்று.

அன்றைக்கு விருந்து முடிந்து நான் அவளிடம் சாவியைக் கொடுக்காததற்கு இதுதான் காரணம். ஞானம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் உள்ளே நுழைந்ததும் கார் சாவியை வாசலில் இருக்கும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டுவிட வேண்டும். கிளம்பும்போது ஞானத்தின் மனைவி ஸ்டெல்லா அதை எடுத்து அவரவர் மனைவி கையில்தான் கொடுப்பாள். பெரிய பெரிய பதவியில் இருக்கிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஸ்டெல்லா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து என் சாவியை நானே எடுத்துக்கொண்டேன். என் சாவிதானே.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவர்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியில் லேசாக உரசியது. ஞானம் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான். நான் நிறுத்தவில்லை. அவனைத் தவிர வேறு யார் போன் செய்திருப்பார்கள்?

ஏப்ரல் 5, சனி

மானத்தை மடித்து வைத்துவிட்டு, கருவி பொருத்திக்கொண்டேன். செண்பகவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் போய் முதுகு வலி வந்துவிட்டது. ஊதினால்தான் வண்டி கிளம்பும். வெறுமனே ஊதினால் போதாது, ஊதிக்கொண்டே முனக வேண்டும். போகிற வழியில் நினைத்த நேரத்தில் பீப் அடித்து மறுபடியும் ஊதச் சொல்லும். எதிரே ஒரு சின்ன காமிரா, ஊதுகிறவன் நானா என்று படம் பிடிக்க. கடைசி ஆறு மாதம் ஒரு தவறும் இல்லாமல் ஓட்டினால்தான் கழற்றுவார்களாம். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

பொருத்திய ஆள் உடம்பெல்லாம் பச்சை குத்தியிருந்தான். மவுத்வாஷ், இருமல் மருந்து, புளிக்கவைத்த பண்டம் எதுவும் ஊதுவதற்கு முன் கூடாது என்றான். எனக்குப் பாடம் எடுக்க எவனெவனோ வருகிறான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நல்ல மழை. தாரிணி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தம் கால் மணி நேர நடை. வா, கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

“பஸ் இருக்குப்பா.”

மழை பெய்கிறது என்றேன். குடை இருக்கிறது என்றாள். இப்போதெல்லாம் ஊதிவிட்டுத்தானே ஓட்டுகிறேன், இந்த மாநிலத்திலேயே பத்திரமான வண்டி இதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முதுகுப்பையை நனையாத பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரிக்குப் பிறகு அவள் என் வண்டியில் ஏறவேயில்லை. உரிமம், கோர்ட், கருவி எல்லாம் எப்படியோ போகட்டும். இவள் ஏற வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். இதற்கும் சேர்த்து ஞானம் பதில் சொல்லட்டும்.

ஏப்ரல் 19, சனி

இன்று பாதிக்கப்பட்டவர்கள் பேசுகிற கூட்டம். குடிகாரன் ஓட்டிய வண்டியால் ஆளைப் பறிகொடுத்தவர்கள் வந்து பேசுவார்கள், எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுவும் தண்டனையில் ஒரு பகுதி. ஒரு சர்ச்சின் ஹாலில் எண்பது பேர். முன்வரிசையில் ஒருவன் தூங்கினான். காப்பியை வாயில் வைக்க முடியவில்லை.

ஒரு அம்மாள் பேசினாள். மகன் பத்தொன்பது வயதில் போய்விட்டானாம். திரையில் படங்கள் போட்டாள். எழுத்துகள் மஞ்சளில், பின்னணி வெள்ளை. பின்வரிசையில் இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. என் குழுவில் எவனாவது இப்படிப் போட்டிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். கடைசிப் படத்தில் அந்தப் பையன் பல்லில் கம்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறான். தாரிணிக்கும் அதே மாதிரி கம்பி, போன வருடம்தான் எடுத்தோம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வண்டியில் ஊதினேன், மூச்சு போதவில்லை என்றது. மூன்றாவது முறைதான் எடுத்தது. ஹாலுக்குள் காற்றே இல்லை, அதுதான்.

ஏப்ரல் 26, சனி

இனியும் பொறுப்பதாக இல்லை. எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, நாற்பது வீடு. அதில் எழுதினேன். வீட்டுக்குக் கூப்பிட்டு ஊற்றிக்கொடுத்துவிட்டு, படியிறங்கியதும் போலீசுக்குப் போன் செய்கிற நண்பர்கள் எல்லோரும் ஜாக்கிரதை என்று. பெயர் போடவில்லை. தூத்துக்குடிக்காரர் என்று மட்டும் போட்டேன். குழுவில் தூத்துக்குடிக்காரன் ஒருவன்தான்.

ஞானம் பதில் எழுதவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது ஆண்பிள்ளை என்று நினைத்திருப்பேன். என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்லது. பொங்கல், புத்தாண்டு, பிள்ளைகள் டான்ஸ் என்று வருடம் முழுக்க ஒரே முகங்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

செண்பகவல்லி சாப்பிடவில்லை. ஸ்டெல்லாவும் அவளும் பதினோரு வருடமாக ஒன்றாக நடைப்பயிற்சி போகிறவர்கள்.

மே 2, வெள்ளி

வயிறு சரியில்லை. இந்தியக் கடையில் அரிஷ்டம் இரண்டு பாட்டில் வாங்கினேன். ஆயுர்வேதம். ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக்கூடக் கொடுப்பார்கள்.

மே 7, புதன்

இன்னும் இரண்டு பாட்டில் வாங்கினேன். வயிற்றுக்குக் கேட்கிறது.

மே 10, சனி

காலை ஏழரைக்கு தாரிணிக்கு நீச்சல் போட்டி. நீச்சல்குளம் பன்னிரண்டு மைல், பஸ் கிடையாது. செண்பகவல்லிக்கு நல்ல காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. தாரிணி கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தாள். யார் யாருக்கோ போன் போட்டாள். முன்பென்றால் ஸ்டெல்லா வந்து அழைத்துப்போயிருப்பாள். ஏழு மணிக்கு என் எதிரில் வந்து நின்று, சரிப்பா, போலாம் என்றாள்.

நான்கு மாதத்தில் முதல் தடவை. அவளே முன்சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டாள். நான் ஊதினேன். சிவப்பு விளக்கு. ஃபெயில். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் ஊதினேன். மறுபடியும் சிவப்பு. அரிஷ்டம்தான், ராத்திரி வயிற்றுக்குக் குடித்தது, அது மருந்து என்று அவளிடம் சொன்னேன். புளிக்கவைத்த பண்டம் கூடாது என்று அந்தப் பச்சை குத்தினவன் சொன்னதையும் சொன்னேன். பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள். கதவை ஓங்கி அடைக்கவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

காய்ச்சலோடு செண்பகவல்லி எழுந்து வந்தாள். அவளும் அதே குழாயில் ஊதி, வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு ஒரு பார்வைகூட இல்லை. மத்தியானம் பார்த்தால் அரிஷ்டப் பாட்டில்கள் சிங்க் ஓரத்தில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆறு பாட்டில். நான் வாங்கியது நான்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

மே 19, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. என் நாட்கள் மறுபடியும் முதலிலிருந்து எண்ணப்படும். மருந்துக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மாநிலத்திடம் மாட்டிக்கொண்டேன். டெனிஸ் கேட்டாள். அரிஷ்டம் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அதில் எத்தனை சதவீதம் ஆல்கஹால் என்று கேட்டாள். தெரியாது என்றேன். லேபிளில் போட்டிருக்கிறது.

மே 25, ஞாயிறு

சாப்பிடும்போது ஞானத்தைப் பற்றி ஆரம்பித்தேன். பதிவு வரட்டும், நாற்பது வீட்டுக்கும் அச்சடித்து அனுப்புகிறேன் என்றேன். தாரிணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். செண்பகவல்லி அவள் அறைக்கதவு சாத்துகிற வரைக்கும் காத்திருந்தாள்.

“ஞானம் அண்ணன் இல்லங்க.”

“பொறவு யாரு?”

அவள் மாவுக் கரண்டியைக் கழுவப் போய்விட்டாள். உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஸ்டெல்லா ஏதாவது சொல்லிவைத்திருப்பாள். பெண்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஜூன் 4, புதன்

பதிவு வந்தது. மத்தியானம் ஆபீசில், இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் திறந்தேன். போன் அழைப்பு இல்லை. குறுஞ்செய்திகள். 911-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்பது எனக்குத் தெரியாது. எண்ணை மறைத்திருந்தார்கள். மறைக்க வேண்டிய தேவையே இல்லை. இங்கிலீஷில் இருந்ததை அப்படியே தமிழில் எழுதிவைக்கிறேன். இனி இதை நான் எழுதாமல் இருக்க முடியாது.

4.11. என் அப்பா குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறார். நான் பின்சீட்டில் இருக்கிறேன். பேச முடியாது.

அவர்கள் இடம் கேட்டிருக்கிறார்கள். தெருப்பெயர், வண்டியின் நிறம், நம்பர், எல்லாம் பிழையில்லாமல் கொடுத்திருக்கிறாள். வண்டி எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, இரண்டு முறை எதிர்ப்பக்கம் போய்த் திரும்பியது, ஒரு முறை ஒரு ஆள் நாயோடு ஓரத்தில் குதித்தார் என்று எழுதியிருக்கிறாள். எனக்கு நாயும் நினைவில்லை, ஆளும் நினைவில்லை.

4.13. வேறு யாராவது ஓட்ட முடியுமா?

அம்மா. மூன்று முறை சாவி கேட்டாள். அவர் கொடுக்கவில்லை.

4.14. உன்னை அடிப்பாரா?

இல்லை. நல்லவர். இது இன்றைக்கு மட்டும் நடப்பதில்லை. ஆனால் நல்லவர்.

4.15. போலீஸ் துப்பாக்கியை நீட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். குடித்திருக்கும்போது சொன்னதைச் செய்ய அவருக்கு நேரமாகும். கையைத் தூக்கச் சொன்னால் உடனே தூக்க மாட்டார். சுட்டுவிட வேண்டாம்.

4.16. நான்தான் என்று அவரிடம் சொல்லாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். இருபத்தாறு பேரும் எதையோ பேசினார்கள். நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பின்சீட்டில் உட்கார்ந்து என் பிள்ளை என் உயிருக்காக ஊர்பேர் தெரியாத எவரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் முன்னால் உட்கார்ந்து அவள் அம்மாவின் ஓட்டுதலைக் கேலி செய்துகொண்டிருந்தேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

எழுத முடியவில்லை.

ஜூன் 7, சனி

ஞானத்தின் வீட்டுக்குப் போனேன், செண்பகவல்லிதான் ஓட்டினாள். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். குழுவிலும் என் பெயரில் அப்படியே போட்டுவிடச் சொன்னேன், இத்தனை வீட்டுக்கும் தெரியட்டும் என்று. அவனுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். அன்றைக்கே செண்பகவல்லி ஸ்டெல்லாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நான் அவ்வளவு எழுதியபோது ஒரே ஒரு வரி எழுதி என் வாயை அடைத்திருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“பிள்ளை பேர் வெளிய வரும்லா” என்றான்.

உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்டெல்லா மட்டும் வெளியே வந்து செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

டெனிசுக்கு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு பீர் இல்லை. ஐந்து அல்லது ஆறு, அதற்குமேல் விஸ்கி. அரிஷ்டம் வயிற்றுக்காக இல்லை. ஜனவரிக்கு முன்னாலும் பல சனிக்கிழமைகள் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். இவ்வளவையும் இங்கிலீஷில் எழுதினேன், அவளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

ஜூன் 9, திங்கள்

காலையில் தாரிணியோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. பாதி தூரம் நடந்தோம். பிறகு, பதிவு வந்தது, படித்தேன் என்றேன். அவள் நின்றுவிட்டாள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் கத்தப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். என் மகள் என் முன்னால் இப்படி நிற்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. உன்மேல் கோபமில்லை என்று சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. முகம் சிவந்திருந்தது, ஆனால் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“நீங்க திரும்பக் குடிச்சிட்டு ஓட்டினா, நான் திரும்பவும் பண்ணுவேன்பா.”

“பண்ணு” என்றேன்.

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி, பின்பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நான் கை காட்டினேன். பஸ் நகர்ந்து திருப்பத்துக்குப் போகும் வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கை மட்டும் காட்டவில்லை.